பூஜ்யம் முடிவல்ல

“கணினி பூஜ்யம், அதாவது சமநிலை, காட்டிய பிறகும் குகேஷ் ஆட்டத்தை இழுத்தது வீண், வென்றது அதிர்ஷ்டம்” என்கிறார் மதுரையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் நண்பர். நான் ஏற்க மாட்டேன்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். கறுப்பில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிராதான், ஆனால் எதிராளி டிங் லிரென் ஒவ்வொரு முறையும் சரியாக ஆடினால்! கணினி அந்த நிபந்தனையைச் சொல்வதில்லை. அதற்குக் களைப்பும் இல்லை, பயமும் இல்லை. 55ஆவது நகர்வில் டிங் ரூக்கை எஃப்2இல் வைத்தார். ரூக்குகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் தனக்கே வெற்றி என்று குகேஷ் கண்டுகொண்டார். டிங்கின் அந்த நகர்வு, குகேஷ் மணிக்கணக்கில் விடாமல் கொடுத்த நெருக்கடியில் பிறந்த தவறு.

அதே நிலையை உங்கள் மாணவர்கள் இருவரிடம் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டுப் பாருங்கள், அண்ணே.