பரையா: ஒரு ஆங்கிலச் சொல்லும் ஒரு மார்க்கும்

போன மாதம் ஆங்கில வகுப்பில் பத்து வார்த்தைகள் கொடுத்து, ஒவ்வொன்றையும் பெயர்ச்சொல்லாக வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மார்க். ஏழாவது வார்த்தை 'பரையா'. நான் யோசிக்கவே இல்லை. "அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு வடகொரியா உலகத்தின் பரையா ஆனது" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசியில் வரும் 'ஹெச்' எழுத்தைக்கூட விடவில்லை. ஒரு மார்க் கிடைத்தது, பக்கத்தில் 'குட்' வேறு.

என் பக்கத்தில் இருந்த நண்பன் என்னைவிட நன்றாக ஆங்கிலம் எழுதுபவன். அவன் ஏழாவதை மட்டும் காலியாக விட்டிருந்தான். பத்துக்கு ஒன்பது. மாலையில் சிதம்பரம் மேல வீதியில் டீ குடிக்கும்போது, "ஏன்டா, அர்த்தம் தெரியலையா? என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "அது எங்க ஆளுங்க பேரு மச்சி. அதை வச்சு என்ன வாக்கியம் எழுதச் சொல்ற?" என்றான்.

கடலூர் பஸ்ஸில் ஏறிய பிறகும் அதுதான் மண்டைக்குள் ஓடியது. புதுச்சத்திரம் தாண்டும்வரை அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'ற' கிடையாது, 'ர'தான். அந்த ஒரு எழுத்து மாறியதில் என் காது ஏமாந்துவிட்டது. தமிழில் யாராவது அதைத் திட்டாகச் சொன்னால் சண்டைக்குப் போயிருப்பேன். அதையே ஆங்கிலத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன் :(

அது தமிழ்ச் சொல்தான், சந்தேகமே வேண்டாம். பறையர் என்பதிலிருந்து போனது. மேளத்தைக் குறிக்கும் 'பறை'யோடு சேர்த்துத்தான் அகராதிகள் அதைச் சொல்கின்றன. (பறைதல் என்றால் சொல்லுதல். கேரளாக்காரர்கள் இன்றும் அந்த வினையைத்தான் தினமும் பயன்படுத்துகிறார்கள்.) 1600-களின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது 1690-ல். அதற்கு முன்பே வார்த்தை கப்பல் ஏறியாயிற்று.

முதலில் அது ஒரு சாதியின் பெயராக மட்டும்தான் இருந்தது. 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன்' என்று யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய பொதுச்சொல் ஆனது 1800-களில். 1791-ல் பெர்னார்டின் தெ சான்பியேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு 'பரியா'வை நல்லவனாகவும் ஞானியாகவும் வைத்துக் கதை எழுதினார். 1821-ல் அதே பெயரில் ஒரு நாடகம் பாரிஸில் வந்தது. கோத்தேயும் அந்தத் தலைப்பில் கவிதை எழுதினார். அவர்கள் பரிதாபத்தோடுதான் எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பரிதாபம் போய்விட்டது, வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. தெருநாய்க்கு 'பரையா டாக்', பருந்துக்கு 'பரையா கைட்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். நாய் விஷயத்தில் அந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இதெல்லாம் சரியல்ல என்று அப்போதே ஒரு புத்தகம் சொல்லியிருக்கிறது. 1886-ல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, இது தென்னிந்தியாவில் உள்ள ஒரு சாதியின் பெயர், சாதியை விட்டுத் தள்ளப்பட்டவன் என்று ஐரோப்பியர்கள் இதற்குப் பொருள் கொள்வது தவறு என்று எழுதுகிறது. யார் கேட்டார்கள்?

என் சண்டை வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதோடு மட்டும் இல்லை. அர்த்தமே தலைகீழாக இருக்கிறது. இன்றைய ஆங்கிலப் பேப்பரில் 'பரையா நாடு' என்று யாரைச் சொல்கிறார்கள்? நிறவெறிக் காலத்துத் தென்னாப்பிரிக்காவை, சதாமின் இராக்கை, வடகொரியாவை. 2019-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நின்ற ஜோ பைடன், பத்திரிகையாளர் கஷோகி கொலைக்காக சவூதி அரேபியாவை இந்த வார்த்தையால்தான் சொன்னார். எல்லாரும் ஏதோ குற்றம் செய்தவர்கள். குற்றம் செய்ததால் ஒதுக்கப்பட்டவர்கள்.

பறையர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? இந்தச் சிதம்பரத்திலேயே பாருங்கள். நந்தனார் கதையில் தில்லைக்கு வந்த பக்தர் செய்த தப்பு என்ன? கும்பிட ஆசைப்பட்டது. நெருப்பில் இறங்கிய பிறகுதான் உள்ளே போக முடிந்தது என்கிறது கதை. அவர் பெயரில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் இதே ஊரில் கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளி நடத்தினார். யாரைப் படிக்கவிடவில்லையோ அவர்களுக்காக. காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் படித்த பள்ளியில் தண்ணீர்ப் பானை இரண்டு, சாதிக்கு ஒன்று. பையன் பானையை உடைத்தான். பின்னாளில் கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பாராளுமன்றம் போனார். தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு 1965-ல் அமைத்த குழுவுக்குத் தலைவரானார். 1969-ல் அறிக்கை கொடுத்தார்.

இந்தக் கதைகளில் குற்றம் எந்தப் பக்கம்? தனிப் பானை வைத்தவன் பக்கம். ஆங்கில வாக்கியத்திலோ ஒதுக்கியவன் நியாயவான், ஒதுக்கப்பட்டவன் குற்றவாளி. இளையபெருமாள் ஊர்க்காரர்களின் பெயரை எடுத்து, நிறவெறி நடத்திய அரசாங்கத்துக்கு வைத்திருக்கிறோம். தண்ணீர்ப் பானையைப் பிரித்து வைத்தது போலவே கடற்கரையையும் பஸ்ஸையும் பிரித்து வைத்த அரசாங்கத்துக்கு!

"சொற்கள் மாறும்டா, இதுக்கெல்லாம் உணர்ச்சிவசப்படக் கூடாது" என்றான் இன்னொரு நண்பன். மாறட்டும். எங்கள் ஊர்க் கட்டுமரம் ஆங்கிலத்தில் இரட்டைப் படகாக மாறிவிட்டது. தேவனாம்பட்டினத்தில் யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. ஆனால் கட்டுமரத்துக்கு வலிக்காது. இந்தப் பெயர் இன்னும் சாதிச் சான்றிதழில் இருக்கிறது. தமிழில் அதைச் சொல்லிப் பொது இடத்தில் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

அப்படியென்றால் வார்த்தையையே அழித்துவிட வேண்டுமா? இல்லை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே தன் பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். அது அவருடைய உரிமை, அந்தத் துணிச்சலே வேறு. 1922-ல் சென்னை அரசாங்கம் அந்தப் பெயருக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை போட்டது, அந்த மக்களின் அமைப்புகள் கேட்டதால்தான். யூதர்களைப் பற்றி 1944-ல் ஹன்னா ஆரென்ட் 'பரையா' என்று எழுதியபோது, குற்றம் செய்யாமல் ஒதுக்கப்பட்டவர்கள் என்ற பொருளில்தான் எழுதினார். அந்தப் பொருளாவது நடந்ததோடு ஒத்துப்போகிறது. நான் சொல்வது வடகொரியா வாக்கியத்தை.

அதற்கு 'அவுட்காஸ்ட்' போதும். கடைசியில் 'இ' சேர்க்காமல் எழுத வேண்டும். சேர்த்தால் அதுவும் சாதி பற்றிய வார்த்தையாகிவிடும். ஸ்பெல்லிங்கில் கவனமாக இருப்பவர்கள் இதிலும் இருக்கலாம் :)

மறுநாள் என் வாக்கியத்தை ஒரு கோடு போட்டு அடித்து, கீழே வேறு வார்த்தை போட்டு எழுதி, ஆசிரியரிடம் காட்டினேன். காரணத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது சரிதான். ஆனா பரீட்சையில இந்த வார்த்தை வந்தா முதல்ல எழுதினதைத்தான் எழுதணும்" என்றார். நண்பனுக்கு மார்க் போடுவாரா என்று கேட்டேன். காலியாக விட்டதற்கு எப்படிப் போடுவது என்றார். நியாயம்தான்.

நண்பனிடம் சொன்னபோது, "ஒன்பதே போதும்டா" என்றான்.