லேபிளை வாங்காதீர்கள்



திருமணமாகி ஓராண்டு நிறைவடையாத ஒரு தம்பதியர் சென்ற வாரம் என்னைக் காண வந்தார்கள். கணவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறார். மனைவி பள்ளி ஆசிரியை. "மடிக்கணினி வாங்கப் போகிறோம், ஐயா. எந்த பிராண்டு நல்லது?" என்று கேட்டார் கணவர். ஆனால் அவர் மனம் ஏற்கெனவே மேக்புக்கில் நிலைகொண்டிருந்தது. மாதத் தவணையும் விசாரித்து வைத்திருந்தார். மனைவி ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கேள்வியே தவறு என்று அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிளை அச்சிட்டே நம் அச்சுத் தொழில் வளர்ந்தது. ஒரே குச்சியும் ஒரே மருந்தும் வெவ்வேறு படங்களோடு வெளியூர் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஊருக்கெல்லாம் லேபிள் அச்சிடுகிற நாமே லேபிளைப் பார்த்து மயங்கலாமா?

மடிக்கணினியிலும் இதே கதைதான். தைவானின் குவாண்டா, காம்பல் போன்ற நிறுவனங்கள், ஒன்றோடொன்று போட்டியிடும் பல பிராண்டுகளுக்குக் கணினி செய்து கொடுக்கின்றன. ஐபிஎம் 1992-இல் தொடங்கிய திங்க்பேட், 2005-இல் லெனோவோவின் கைக்கு மாறியது. அதே லெனோவோவின் ஐடியாபேட் வேறு தரம், வேறு விலை. டெல்லிலும் எச்பியிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. ஆகவே 'டெல்லா, எச்பியா' என்று வாதிடுவோர் கணினியை ஒப்பிடவில்லை, பெயரை ஒப்பிடுகிறார்கள்.

"பிராண்டு என்றால் நம்பிக்கை அல்லவா?" என்பீர்கள். ஓர் இடத்தில் மாத்திரம் ஒப்புக்கொள்ளுகிறேன்: பழுது நீக்கும் இடத்தில். பழுதானால் ஆள் வீட்டிற்கு வருவாரா, அல்லது நீங்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து மதுரைக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா? கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

அடுத்து, வேலையைப் பாருங்கள். அச்சகக் கணக்குக்கு டேலி வேண்டும். டேலி விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள். எனவே அந்தக் கணவர் ஆசைப்பட்ட மேக்புக் அவருடைய வேலைக்கு நேரடியாக உதவாது! கணக்கு, பாடக் குறிப்பு, காணொளி அழைப்பு ஆகியவற்றுக்கு 8 ஜிபி நினைவகம் போதும். 16 இருந்தால் நெடுநாள் உழைக்கும். 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். பழைய கணினி மலிவாகக் கிடைத்தால் எச்சரிக்கையாயிருங்கள்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பதில்லை.

தவணையைக் குறித்துக் கடிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 'வட்டியில்லாத் தவணை' என்று உண்மையில் ஒன்றும் இல்லை. வட்டி கட்டணமாக மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளைக் கண்டித்தது. காலண்டர் சீசனில் கிடைக்கும் கூடுதல் வருமானம் சீசனோடு நின்றுவிடும்; தவணையோ மாதந்தோறும் வந்து நிற்கும். பட்டாசு ஆலையில் முன்பணம் வாங்கியவர் அதைக் கழிக்கப் படும் பாட்டை நாம் அறியாதவர்களா? கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தது இப்படிப்பட்டவற்றுக்கும் பொருந்தும்.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது நம் பிள்ளைகள் பிராண்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு படித்தார்கள்.

கடைசியாக, கணவன்மாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கடன் இருவர் தலையிலும் விழும்போது, தெரிவு மாத்திரம் ஒருவருடையதாக இருப்பது நியாயமா? அந்தச் சகோதரியிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "திரை கண்ணை உறுத்தக் கூடாது, பள்ளிக்குத் தூக்கிச் செல்லப் பாரமில்லாமல் இருக்க வேண்டும்" என்றார். அதை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இருவருடைய தேவைகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். கையில் உள்ள பணத்தை அதன் கீழே எழுதுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.