பச்சையாகிப் போன சிவப்புக் குடுவை

கேமரன் மலைக்குப் போய் ஒரு செடியாவது வாங்காமல் கீழே இறங்கியவரை நான் பார்த்ததில்லை. போன ஆண்டு நான் வாங்கி வந்தது குடுவைச் செடி. மலாயில் 'பெரியோக் கேரா', அதாவது குரங்குப் பானை. ரத்தச் சிவப்பில் நான்கு குடுவைகள். கிள்ளானுக்கு வந்த இரண்டே மாதத்தில் நான்கும் காய்ந்துபோயின. இலை மட்டும் பச்சைப் பசேலென்று வந்தது. குடுவை தொங்க வேண்டிய நுனியில் கறுத்துப்போன ஒரு முளை.

"சத்து பத்தல" என்று அம்மா ஒரு பிடி உரம் போட்டார். கதை முடிந்தது.

அம்மா மேல் குற்றமில்லை. சத்தில்லாத மண்ணில் பிழைக்கத்தான் இந்தச் செடி பூச்சியைப் பிடிக்கிறது. உரம் அதன் வேரைப் பொசுக்கிவிடும். ஆனால் என் செடி அதற்கு முன்பே நோயாளி. அது மலைச் சாதி. இரவில் 15, 16 டிகிரி குளிர் கேட்கும். கிள்ளானில் விடியற்காலையிலும் 24.

அடுத்து வாங்கியது வெப்பம் தாங்கும் கலப்பினம். முதலில் அதை நிழல் மூலையில் தொங்கவிட்டேன். வந்த குடுவையெல்லாம் வெளிறிய பச்சை. காலை வெயில் நான்கு மணி நேரம் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன் (ஒரேயடியாக மாற்றினால் இலை கருகும்). அடுத்த குடுவை திறக்கும்போது இளம்பச்சை, பிறகு வாயோரம் சிவப்பு, பிறகு உடம்பெல்லாம் சிவப்பு. ஆண்டிறுதியில் வானம் மூடிக்கிடந்த வாரங்களில் வந்தவை மறுபடி வெளுத்திருந்தன. நமக்கு இலையுதிர் காலம் இல்லை. வெயிலும் மேகமும்தான் பருவம். பிறவியிலேயே பச்சைக் குடுவை விடும் சாதிகளும் உண்டு. அவற்றை எத்தனை வெயிலில் வைத்தாலும் சிவக்காது.

பருவத்துக்குப் பருவம் நிறம் மாறுவதாகப் படங்களில் மயக்குபவை அமெரிக்கச் சதுப்பு நிலத்துச் 'சாரசீனியா'. அதில் வெள்ளைக் குழல் வகை இலையுதிர் காலத்தில்தான் முழு அழகு காட்டும். பிறகு மூன்று, நான்கு மாதம் குளிரில் உறங்க வேண்டும். உறக்கமே இல்லாத நம் ஊரில் அது மெலிந்து செத்துவிடும். காசைக் கொட்டாதீர்கள்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. முதல் செடியின் தொட்டியில் இருந்தது காட்டு மண். இலைகளில் கிழிசல். யாரோ காட்டிலிருந்து பிடுங்கி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நம் குடுவைச் செடிகள் எல்லாமே சைட்ஸ் எனும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வருகின்றன. கினபாலு மலையின் 'ராஜா' வகைக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இப்போது நர்சரியில் தண்டு வெட்டி வளர்த்ததா என்று கேட்டுவிட்டுத்தான் பணப்பையைத் திறக்கிறேன்.

தண்ணீருக்கு மழைநீர். தொட்டியில் பாசியும் தேங்காய் மட்டைச் சில்லும், மண் கிடையாது. அம்மாவின் அரிசி கழுவிய தண்ணீர் இப்போது கறிவேப்பிலைக்கு மட்டும்தான் போகிறது. ஆனாலும் தினமும் குடுவைக்குள் எட்டிப் பார்த்து, எத்தனை எறும்பு விழுந்திருக்கிறது என்று எனக்குச் சொல்லிவிடுவார்.