ஊருக்குப் போகும் முன் ஒரு வாரம்

கேள்வி: "எங்கள் வீட்டு மாடியில் 36 பைகளில் காய்கறி வைத்திருக்கிறேன். சென்ற மே மாதம் மகளின் பிரசவத்துக்காக 12 நாள் பெங்களூரு போனபோது, குழாயில் டைமர் மாட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் 21 பைகளில் செடி காய்ந்துபோயிருந்தது. இந்த மே மாதம் பேரனின் முதல் பிறந்தநாளுக்கு 10 நாள் போக வேண்டும். எந்தக் கருவியை நம்பி விட்டுப் போகலாம்?"

- ஓய்வுபெற்ற ஆசிரியை, கரூர்

பதில்: கேள்வியோடு இந்த வாசகி நான்கு பக்கத்துக்கு விவரங்களும் எழுதி அனுப்பியிருக்கிறார். அவருக்கு விடை அந்த விவரங்களிலேயே இருக்கிறது. கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் மற்ற மாடித்தோட்டக்காரர்களுக்கும் அது பயன்படும்.

சென்ற ஆண்டு அவர் வாங்கியது பேட்டரியில் இயங்கும் சாதாரணக் குழாய் டைமர். வாங்கிய அன்றே கீழ்த்தளத்துத் தோட்டக் குழாயில் மாட்டிப் பார்த்திருக்கிறார். தண்ணீர் நன்றாக வந்தது. சொன்ன நேரத்தில் நின்றது. கிளம்பும் நாள் காலையில் அதைக் கழற்றி மாடிக் குழாயில் மாட்டி, டிரிப்பர்களில் சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். டைமர் பழுதில்லை. பழுது அதை மாட்டிய இடத்தில்.

உயரம்தான் அழுத்தம்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம் மட்டுமே. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு 'பார்' அழுத்தம் கிடைக்கும். வாசகியின் வீட்டில் கீழ்த்தளக் குழாய்க்கும் தொட்டிக்கும் 8 மீட்டர் இடைவெளி. அதனால் அங்கே டைமர் வேலை செய்தது. மாடியிலோ தொட்டியின் அடிப்பகுதி பைகளைவிட ஒன்றரை மீட்டர்தான் உயரம். அழுத்தம் 0.15 பார்.

கடைகளில் கிடைக்கும் டைமர்களில் இரண்டு வகை உண்டு. முதலாவது, சோலினாய்டு வால்வு உள்ளது. இதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வைத் தண்ணீரின் அழுத்தமே தூக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது அரை பார், அதாவது 5 மீட்டர் உயரம் தேவை. அதற்குக் குறைந்தால் சரியாகத் திறக்காது. சில நேரம் சரியாக மூடவும் மூடாது. இரண்டாவது, பால் வால்வு உள்ளது. உள்ளே ஒரு சிறு மோட்டார், துளையுள்ள உருண்டையைத் திருப்பித் திறக்கும், மூடும். இதற்கு அழுத்தம் வேண்டியதில்லை. மாடித் தொட்டிக்கும் டிரம்முக்கும் இந்த வகைதான் பொருந்தும். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் பூஜ்யம் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிரிப்பருக்கும் இதே கதைதான். மணிக்கு 4 லிட்டர் என்று விற்கப்படும் சாதாரண டிரிப்பர், ஒரு பார் அழுத்தத்தில்தான் அந்த 4 லிட்டரைத் தரும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதில் பாதிகூட வராது. முதல் பைக்கும் கடைசிப் பைக்கும் ஒரே அளவாகவும் வராது. இங்கே டிரிப்பரைத் தவிர்த்து, 16 மி.மீ. லேட்டரல் குழாயில் மைக்ரோ டியூப்களைச் செருகிவிடுவது நல்லது. எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர் வரும். கூடுதலாக வேண்டிய செடிக்கு டியூபைக் குட்டையாக நறுக்கலாம். கொடிகளுக்கு மூன்று டியூப் விடலாம். லேட்டரலின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கிவிட்டால் கடைசிப் பை பட்டினி கிடக்காது. தொட்டிக்கும் டைமருக்கும் நடுவே ஒரு சிறிய ஃபில்டர் கட்டாயம். பாசியும் துருவும் ஒரே இரவில் மைக்ரோ டியூபை அடைத்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு

டைமர் குழாயைத் திறக்கும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காது. மோட்டார் போட வீட்டில் ஆள் இல்லாத 10 நாளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மாலையில் ஒவ்வொரு வகைச் செடியிலும் ஒரு பைக்கு, அடியில் தண்ணீர் கசியும்வரை ஊற்ற வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் ஒரு லிட்டர் குவளையால் அளந்து, மீண்டும் கசிவு தொடங்கும்வரை ஊற்ற வேண்டும். அந்த அளவுதான் செடியின் ஒரு நாள் தேவை. மூன்று நாள் இப்படிப் பார்த்தால் சராசரி கிடைத்துவிடும். கோடையில் உள்மாவட்டங்களில் திறந்த தண்ணீர்ப் பரப்பிலிருந்து நாளுக்கு 7 மி.மீ. அளவுக்கு ஆவியாகும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 7 லிட்டர். மாடியின் தரை சூடும் காற்றும் சேரும்போது, பெரிய இலைப்பரப்புள்ள செடி தன் பையின் பரப்புக்கு மேலேயே குடிக்கும்.

வாசகி அளந்து எழுதிய கணக்கு இது: தக்காளி 8, கத்தரி 8, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லிட்டர். மிளகாய் 6, வெண்டை 6, கறிவேப்பிலையும் எலுமிச்சையும் சேர்த்து 4, இவற்றுக்கு ஒரு லிட்டர். பீர்க்கும் புடலையுமாக 4 கொடி, மூன்று லிட்டர். மொத்தம் நாளுக்கு 52 லிட்டர். 10 நாளுக்கு 520. கசிவு, கூடுதல் வெயில், ஒரு நாள் தாமதமாகத் திரும்புவது என்று கால் பங்கு சேர்த்தால் 650 லிட்டர். அவர் வீட்டுத் தொட்டி 1,000 லிட்டர். கிளம்பும் அன்று நிரப்பினால் போதும்.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வீட்டுக்குள் ஒழுகும் ஃபிளஷ் டேங்க் ஒன்று போதும், ஓசையில்லாமல் தொட்டியைக் காலி செய்துவிடும். வீட்டுக்குள் இறங்கும் குழாயின் கேட் வால்வை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். பாசனக் குழாய் அந்த வால்வுக்கு முன்பாகவே பிரிய வேண்டும்.

தேவையைக் குறைப்பது

சென்ற ஆண்டு பிழைத்த 15 பைகளில் பெரும்பாலானவை தொட்டியின் நிழலில் இருந்தவை என்று வாசகி எழுதியிருக்கிறார். அதில் பாடம் இருக்கிறது. 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே பைகளை நெருக்கமாக நகர்த்தி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றொன்றைக் காக்கும். பையின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை, தேங்காய் நார் அல்லது கரும்புத் தோகையால் மூடாக்குப் போட வேண்டும். பறிக்கும் பருவத்துக் காய்களை எல்லாம் பறித்துவிட வேண்டும். வெண்டையைச் செடியிலேயே முற்றவிட்டால் புதுப் பூ குறைந்துவிடும். கிளம்பும் வாரத்தில் உரம் வேண்டாம். கொழுந்து அதிகமானால் தண்ணீர்த் தேவையும் அதிகமாகும்.

தென்னைநார்க் கழிவு நிரப்பிய பை ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் ஓரம் விலகிக்கொள்ளும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும்; வேருக்குப் போகாது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஈரம் அறாமல் இருக்க வேண்டும். காலை 6 மணிக்கும் மாலை 6.30 மணிக்கும் பாதிப் பாதியாகப் பாய்ச்சுவது ஏற்றது. நடுப்பகலில் கருப்புக் குழாயில் கிடக்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்த நேரத்தில் டைமரைத் திறக்கவிடக் கூடாது.

தொட்டி உயரம் இல்லாதவர்களுக்கு

டிரம்மில் தண்ணீர் நிரப்பி, சிறிய நீர்மூழ்கி மோட்டாரை மின் டைமரோடு இணைப்பவர்களும் உண்டு. இதில் மூன்று ஆபத்துகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, டிரம்மின் நீர்மட்டத்துக்குக் கீழே குழாயின் வாய் இருந்தால், மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு ஓடும். முதல் நாளே டிரம் காலி. மறுநாள் மோட்டார் வறண்டு ஓடிப் புகையும். டிரம்முக்குள், நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் குழாய்ப் பகுதியில் ஊசியளவு துளை ஒன்று போட்டால் மோட்டார் நின்றதும் காற்று புகுந்து ஓட்டம் அறும். இரண்டாவது, முள் நகரும் மலிவான டைமர்கள் மின்சாரம் தடைப்பட்டால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் பின்தங்கும். மூன்றாவது, ஈரமான மாடியில் மின் இணைப்பு. கசிவுமின் தடுப்பான் இல்லாத வீட்டில் இந்த ஏற்பாடே கூடாது.

பத்துப் பதினைந்து தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கருவியே வேண்டியதில்லை. வண்ணம் பூசாத புது மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பித் தட்டால் மூடிவிட்டால், மண் காயக் காயப் பானை கசிந்து கொடுக்கும். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட முறை இது. சிறிய தொட்டிகளுக்குத் தடித்த பருத்தித் திரியின் ஒரு முனையை வாளித் தண்ணீரிலும் மறுமுனையை வேர்ப்பகுதியிலும் புதைத்தால் போதும். கவிழ்த்து வைக்கும் ஒரு லிட்டர் பாட்டில் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். நீண்ட பயணத்துக்கு அதை நம்பக் கூடாது. பைகளுக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்துவதும் வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். பூட்டிய வீட்டின் மாடியில் அதைக் கவிழ்த்துவிட யாரும் இல்லை. டிரம், பானை, வாளி எல்லாவற்றுக்கும் மூடி அவசியம்.

ஒத்திகை

ஏற்பாடு எதுவானாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, மாட்ட வேண்டிய இடத்திலேயே மாட்டிவிட வேண்டும். முதல் நாள் ஒவ்வொரு டியூபின் கீழும் பாட்டில் வைத்து, 10 நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளக்க வேண்டும். அதைக் கொண்டு டைமரின் நேரத்தை முடிவு செய்யலாம். அடுத்த மூன்று நாள் வீட்டில் இருந்துகொண்டே ஊரில் இல்லாததுபோல் இருக்க வேண்டும். செடி வாடினாலும் குவளையை எடுக்கக் கூடாது. குறித்துக்கொண்டு டியூபைத் திருத்த வேண்டும். இந்த மூன்று நாளும் மோட்டார் போடாமல், காலையும் மாலையும் தொட்டியின் நீர்மட்டத்தை அளவுகோலால் பார்த்து எழுதினால், நாளுக்கு 52 லிட்டர்தான் போகிறதா, வேறெங்காவது ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும். கடைசி நாளில் ஃபில்டரைக் கழுவி, பேட்டரியைப் புதிதாக மாற்ற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஒருவர் மாடியேறிப் பார்ப்பது அவசியம். பக்கத்து வீட்டாரிடம் 36 பைக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னால் சங்கடப்படுவார்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வரச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். எந்த வால்வை மூட வேண்டும், தண்ணீர் வராவிட்டால் எந்தப் பைகளுக்கு முதலில் ஊற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி டைமர் அருகே ஒட்டிவைக்கலாம்.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியவை வாசகியின் பச்சை வரிக் கத்தரி. மாமியார் கொடுத்த விதை அது, கடையில் கிடைக்காது. சென்ற மே மாதம் விதைக்கு விட்டிருந்த இரண்டு செடிகளும் காய்ந்தன. வீட்டில் வேறு விதை இல்லை. நான்கு ஆண்டுக்கு முன் உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவருக்கு மூன்று நாற்றுக் கொடுத்திருந்ததால், அவரிடமிருந்து விதை வாங்கி மீண்டும் ஆரம்பித்திருக்கிறார். தக்காளி போனால் 20 ரூபாய்ப் பொட்டலத்தில் அடுத்த நாற்று வந்துவிடும். இப்படிப்பட்ட விதைக்கு அந்த வழியில்லை.

ஆகவே இந்த ஆண்டு விதைச் செடிகளை நிழல்வலைக்கு நடுவில் வைத்து, டியூபோடு ஆளுக்கொரு சிறு மண்பானையும் புதைத்துவிடலாம். அதற்கும் முன்பாக, இப்போதே மஞ்சளாகப் பழுத்த ஒரு காயைப் பறித்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, மூன்று காகிதப் பொட்டலமாகக் கட்ட வேண்டும். ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஒன்று அந்த ஆசிரியையிடம் போகட்டும். மூன்றாவது பெங்களூருக்குப் போகும் பையில் மகளுக்கு.