ஆறு பெல்ட்டும் இருபது கொண்டை ஊசியும்

காருக்குப் பின்னால் சைக்கிளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏற்காடு ஏறும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, இது உங்களுக்குத்தான். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். என் முழங்கால் காயம் இன்னும் ஆறவில்லை.

கதை இதுதான். நானும் நண்பனும் அவனுடைய டூவீலரில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். மழை விட்ட நேரம், நல்ல பனிமூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு சின்ன கார். டிக்கியில் பெல்ட் போட்டு மாட்டிய ஸ்டாண்டு, அதில் இரண்டு சைக்கிள், நனையாமல் இருக்க மேலே ஒரு கவர். ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்க, கார் சடாரென்று நின்றது. நின்றதே எங்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பிரேக் லைட் எல்லாம் கவருக்குப் பின்னால்! நண்பன் பதறி பிரேக் பிடிக்க, வண்டி சறுக்கி, இரண்டு பேரும் ரோட்டில். நல்லவேளை, பின்னால் வேறு வண்டி வரவில்லை.

கார் போய்விட்டது. நம்பரைக் குறிக்கலாம் என்றால் நம்பர் பிளேட்டும் கவருக்குள். அப்புறம் ஏரிக்கரையில் அதே காரைப் பார்த்துக் கேட்டோம். ஓனர் சொன்ன பதில்: "தம்பி, நீங்க டிஸ்டன்ஸ் விட்டு வந்திருக்கணும்."

பாதி சரி. ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

இந்த ஸ்டாண்டைக் காரோடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஆறு பெல்ட். மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி, அது டிக்கிக் கதவின் விளிம்பைக் கவ்வும். போல்ட் கிடையாது, வெல்டிங் கிடையாது. சைக்கிள் ஒன்று 12 முதல் 15 கிலோ. கார் குலுங்கக் குலுங்க பெல்ட் தளரும், வழியில் நிறுத்தி இறுக்க வேண்டும். ஏற்றத்தில் காரின் மூக்கு மேலே போகும்போது பாரம் பின்னுக்குச் சாயும், மேல் பெல்ட்டுக்குக் கூடுதல் இழுவை. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பாரம் பக்கவாட்டில் ஆடும், அப்போது பக்கத்து பெல்ட்டுகளுக்கு வேலை. இப்படி இடமும் வலமுமாக இருபது தடவை! சமவெளியில் நாலுவழிச் சாலையில் தாக்குப்பிடித்ததே என்று சொல்லாதீர்கள். அது வேறு பரீட்சை, இது வேறு பரீட்சை.

அடுத்தது கணக்கு. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். ஆல்டோ 800 காரின் அகலம் 1.49 மீட்டர். அதாவது சைக்கிளைக் குறுக்கே மாட்டினால் பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வெளியே நீட்டும். பஸ்ஸும் காரும் உரசாமல் விலகிப்போகும் வளைவில் பத்து சென்டிமீட்டர் என்பது சும்மா இல்லை. முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலே இந்தப் பிரச்சினை தீரும். எத்தனை பேர் கழற்றுகிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 50-இன்படி பதிவு எண் முன்னாலும் பின்னாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். "வெளிநாட்டில் எல்லாரும் மாட்டுறாங்களே" என்று ஒரு கோஷ்டி உடனே வரும். வாங்க. ஜெர்மனியில் ஸ்டாண்டு நம்பரை மறைத்தால் அதே நம்பரோடு இன்னொரு பிளேட்டை ஸ்டாண்டின் மேல் மாட்ட வேண்டும். பிரிட்டனில் நம்பரும் லைட்டும் மறைந்தால், இரண்டும் சேர்ந்த ஒரு பலகையை சைக்கிளுக்குப் பின்னால் கட்டி ஒயர் இழுத்துக் கொடுக்கிறார்கள். நாம் ஸ்டாண்டை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, கூட வரவேண்டிய ஒழுங்கை அங்கேயே விட்டுவிட்டோம். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். லேசரில் எண் பொறித்து, கழற்ற முடியாத பூட்டோடு வருவது அது. ஸ்டிக்கர் கடையில் இன்னொன்று அடித்து மாட்டினால் அது அந்த பிளேட் ஆகாது.

"அப்போ சைக்கிள் ஓட்டவே கூடாதா?" என்று கேட்பீர்கள். ஐயோ, ஓட்டுங்கள் சாமி! சைக்கிள் மேல் எனக்கு என்ன பகை? என் வயிற்றெரிச்சலே வேறு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தால், நடுவில் இருக்கும் அத்தனை உயரத்தையும் மிதித்தே ஏற ஒரு ரோடு விரிந்து கிடக்கிறது. அந்த ரோட்டில் சைக்கிளை ஒட்டகச் சுமை மாதிரி தூக்கிக்கொண்டு போய், மேலே ஏரியைச் சுற்றி இரண்டு ரவுண்டு அடித்து, போட்டோ எடுத்து இறங்குவதற்கா இத்தனை பெல்ட்?

எல்லாருக்கும் ஏறும் தெம்பு இருக்காது, நியாயம்தான். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலையை ஓட்ட மட்டும் ஆசை என்றால் அதுவும் நியாயம். பின் சீட்டை மடக்குங்கள், ஒரு பழைய போர்வையை விரியுங்கள், சக்கரங்களைக் கழற்றி சைக்கிளை உள்ளே படுக்க வையுங்கள். சீட்டில் கிரீஸ் படுமே என்றால், என் முழங்காலில் தார் பட்டதே அண்ணே!

2024 ஏப்ரல் 30 அன்று பதின்மூன்றாவது வளைவில் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போன மலை இது. அதற்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த ரோடு எவ்வளவு தூரம் மன்னிக்கும் என்பதற்கு அது போதும். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு வெளிச்சம்தான் பனியில் பின்னால் வருகிறவனுக்கு இருக்கும் ஒரே தகவல்.

மாட்டியே தீருவேன் என்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அடிவாரத்தில் வண்டியை நிறுத்துங்கள். கூட வந்தவரைப் பத்தடி பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக்கை மிதியுங்கள், இரண்டு இண்டிகேட்டரையும் போடுங்கள், நம்பரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்று தெரியவில்லை என்றாலும் சைக்கிளை அங்கேயே இறக்குங்கள். இரண்டு நிமிஷ வேலை. எங்களுக்கு டிஸ்டன்ஸ் பாடம் அதற்கப்புறம் நடத்தலாம்.