கால்கள் சொன்ன சாட்சி

நெடுந்தூரம் நடப்பது நம் கிளிவெட்டி மக்களுக்குப் புதுமையன்று. வடபகுதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் ஆண்டுதோறும் மூதூர், வெருகல் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வதை நாம் அறிவோம். ஒரு பகற்பொழுதில் எவ்வளவு தூரம் நடக்கலாம், எங்கே இளைப்பாற வேண்டும் என்பவற்றை ஏடு தொடாத அடியாரும் தம் கால்களாலேயே கற்று வைத்திருக்கின்றனர். இத்தகைய அறிவைப் படித்தோர் உலகம் எளிதில் நம்புவதில்லை. அவ்வாறு நம்பப்படாத இருவருக்காகப் பனி நாடொன்றில் நடத்தப்பெற்ற ஓட்டப் போட்டியின் வரலாற்றை இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

சுவீடன், நோர்வே போன்ற வடநாடுகளில் மாரிகாலம் முழுவதும் நிலம் வெண்பனியால் மூடிக் கிடக்கும். வெறுங்காலுடன் மிதித்தால் முழங்கால்வரை புதையும். ஆகவே அங்குள்ளோர் நீண்டு ஒடுங்கிய பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கிச் செல்வர். உடலின் பாரம் பலகையின் நீளமெங்கும் பரவுவதால் கால் புதைவதில்லை. பாதத்தின் முன்புறம் மட்டும் கட்டப்பட்டு, குதிகால் தடையின்றி எழும்; அதனால் சமவெளியிலும் மேட்டிலும் விரைந்து செல்ல இயலும். ஆதியில் இது விளையாட்டன்று. வேட்டைக்கும் மந்தை மேய்ப்பதற்கும் வேண்டிய வாழ்க்கைச் சாதனம்.

இதில் வல்லவர்கள் வடகோடியில் துருவமான்களை மேய்த்து வாழ்ந்த ‘சாமி’ என்னும் பழங்குடியினர். (பெயரைக் கேட்டு நம் மாணவர்கள் மயங்க வேண்டாம், நம் சாமிக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை.) 1883ஆம் ஆண்டில் நோர்டன்ஷெல்ட் என்னும் ஆராய்ச்சியாளர் கிரீன்லாந்தின் உட்பகுதியை ஆராயச் சென்றபோது, அவ்வினத்தவர் இருவரைத் துணைக்கு அழைத்துச் சென்றார். வடகிழக்குக் கடல்வழியைக் கடந்த ‘வேகா’ கப்பற்பயணக் குழுவின் தலைவராக 1879ஆம் ஆண்டின் இறுதியில் நம் காலித் துறைமுகத்துக்கு வந்து சென்றவரும் இவரே.

கிரீன்லாந்தின் நடுவே பனியற்ற நிலம் இருக்கக்கூடும் என்பது அவரது எதிர்பார்ப்பு. அவருடைய கூட்டத்தார் களைத்து மேற்செல்ல முடியாமற் போகவே, பாவா லாஸ்ஸே துவோர்டா, அண்டர்ஸ் ரோஸ்ஸா என்னும் அவ்விருவரையும் முன்னே அனுப்பினார். 57 மணி நேரத்தின்பின் திரும்பிய அவர்கள், போக வர 460 கிலோமீற்றர் சறுக்கியதாகவும், பனியைத் தவிர வேறெதையும் காணவில்லையென்றும் உரைத்தனர்.

நாடு திரும்பியதும் இச்செய்தியைப் பலர் நம்ப மறுத்தனர். மனிதரால் அத்தனை நேரத்தில் அவ்வளவு தூரம் செல்ல இயலுமா என்று ஐயுற்றனர். தம்மோடு வந்தவர்களின் சொல்லை நோர்டன்ஷெல்ட் கைவிடவில்லை. நம்புவோருக்கும் நம்பாதோருக்கும் பொதுவான ஒரு சோதனையை ஏற்படுத்தினார். 1884ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வட சுவீடனிலுள்ள யொக்மொக் பகுதியில் 220 கிலோமீற்றர் ஓட்டப் போட்டி நடைபெற்றது. பதினெண்மர் புறப்பட்டனர். இளைப்பாறிய நேரம் உட்பட 21 மணி 22 நிமிடத்தில் முதலாவதாக வந்தவர் வேறு யாருமல்லர், அதே துவோர்டாதான். இரண்டாமவர் சில விநாடிகளே பின்தங்கினார்.

மாணவர்கள் சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரீன்லாந்தில் அவர்கள் கூறிய வேகம் மணிக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர். போட்டியில் துவோர்டா காட்டிய வேகமோ 10 கிலோமீற்றருக்கும் சற்று மேல். எனவே, இயலாத காரியமென்று கூறுவதற்கு இனி இடமிருக்கவில்லை.

இதன்பின் பனிச்சறுக்கு நெடும்போட்டிகளுள் பெரும்புகழ் பெற்றது சுவீடனின் ‘வாசாலொப்பெற்’. அதன் பின்னணியிலும் முதலில் கேளாத ஒரு சொல்லே இருக்கிறது. 1520ஆம் ஆண்டின் இறுதியையொட்டி, டென்மார்க் அரசனின் கொடுமையை எதிர்க்குமாறு குஸ்தாவ் வாசா என்னும் பிரபு மோரா ஊராரை வேண்டினார். அவர்கள் இணங்காமையால் நோர்வேயை நோக்கிப் புறப்பட்டார். பின்னர் உண்மையறிந்த ஊரார் வருந்தி, சறுக்கு வல்லவர் இருவரை அனுப்பி அவரை மீட்டழைத்தனர் என்பது வழிவழி வந்த வரலாறு. 1523இல் அவர் சுவீடனின் அரசரானார். இதன் நினைவாக ஓட்டம் ஒன்று நடத்தலாமென 1922இல் அண்டர்ஸ் பேர்ஸ் என்னும் பத்திரிகையாசிரியர் எழுதினார். அவ்வாண்டு மார்ச் 19ஆம் திகதியே முதற்போட்டி நிகழ்ந்தது. தூரம் 90 கிலோமீற்றர். ஏறத்தாழத் திருகோணமலையிலிருந்து வவுனியாவுக்குள்ள தொலைவு. 119 பேர் ஓடினர். 22 வயது இளைஞர் ஏர்ன்ஸ்ற் ஆல்ம், 7 மணி 32 நிமிடம் 49 விநாடியில் வென்றார்.

மறுவருடம், 1923இல், மார்கித் நோர்டின் என்னும் உடற்பயிற்சி ஆசிரியை ஆடவரோடு புறப்பட்டு, பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முழுத் தூரத்தையும் கடந்தார். இதைக் கண்ணாரக் கண்டபின்பும், 1924இல் பெண்கள் ஓடலாகாதென்று தடை விதித்தனர். இத்துணை நெடிய ஓட்டம் பெண்களின் உடலுக்கு ஏற்றதன்று என எண்ணினராம்! முழுமையாக ஓடிக் காட்டிய ஒருத்தி கண்முன் நிற்க, அவளால் இயலாதென்று தீர்ப்பளித்த விந்தையை என்னென்பது? 1981ஆம் ஆண்டிலேயே அத்தடை நீங்கியது. துவோர்டாவுக்குச் சில மாதங்களிற் கிடைத்த நீதி, பெண்களுக்குக் கிடைக்க 57 ஆண்டுகள் சென்றன.

தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதியோர் வாக்கு. விசாரிப்பதாயின், சோதனை நேர்மையாக இருத்தல் வேண்டும். அதன் முடிவு நம் எண்ணத்துக்கு மாறாக வந்தாலும் ஏற்கும் மனம் வேண்டும். நோர்டன்ஷெல்ட்டிடம் அவ்விரண்டும் இருந்தன; 1924இல் தடை விதித்தவர்களிடம் இரண்டாவது இருக்கவில்லை. வயலிலும் கடலிலும் உழைக்கும் ஒருவர் தம் அனுபவத்தால் நமக்கு வியப்பான ஒன்றைக் கூறும்போது, மாணவச் செல்வங்கள் நகைத்து விலகாமல், “எப்படி?” என்று ஒருமுறை கேட்பார்களாக. அந்த ஒரு கேள்வியிலேயே கல்வி தொடங்குகிறது.