போகாத பயணம், ரத்தாகும் திரும்பும் டிக்கெட்

தீபாவளிக்கு ஊருக்குப் போக, நான்கு மாதங்களுக்கு முன்பே கோலாலம்பூர்-சென்னை போக வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது திருச்சியிலிருந்து அழைப்பு வருகிறது, பெரியப்பா தவறிவிட்டார். கிடைத்த விமானத்தில் ஒரு வழி டிக்கெட் எடுத்து ஓடுகிறோம். திரும்பி வரத்தான் டிக்கெட் இருக்கிறதே! பதினாறாம் நாள் காரியம் முடித்து சென்னை விமான நிலையத்துக்கு வந்தால், உங்கள் பெயரில் முன்பதிவே இல்லை என்கிறார்கள்.

நம் சமூகத்தில் எந்தக் குடும்பத்துக்கும் இது நேரலாம். முழுச் சேவை விமான நிறுவனங்கள் பெரும்பாலும், சேர்த்து எடுத்த டிக்கெட்டை ஒரே ஒப்பந்தமாகக் கருதுகின்றன. அதன் பகுதிகளை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும். முதல் விமானத்தில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் ரத்தாகிவிடும். 'இருவழி டிக்கெட்' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. கேட்பவருக்கு அது இரண்டு டிக்கெட்டுகள் போலத் தோன்றும்.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு காரணம் உண்டு. சில தடங்களில் ஒரு வழிக் கட்டணத்தைவிட இருவழிக் கட்டணம் குறைவு. பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தும் விலை மாறும். மலிவான டிக்கெட்டை வாங்கி முதல் பகுதியை வீசிவிடுபவர்களைத் தடுக்கவே இந்த விதி. ஆனால், துக்க வீட்டுக்கு ஓடியவர் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. கூடுதலாக ஒரு டிக்கெட்டுக்கும் அவர் பணம் கட்டியிருக்கிறார். இருவரையும் ஒன்றாக நடத்துவது நியாயமில்லை.

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவற்றின் இத்தகைய நிபந்தனை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. கட்டண ஏய்ப்பைத் தடுக்க வேண்டுமானால் விலை வித்தியாசத்தைக் கேட்கலாம், பயணத்தையே மறுப்பது அதிகப்படி என்பது அதன் சாரம். ஸ்பெயின் உச்ச நீதிமன்றமும் 2018-இல் ஐபீரியா வழக்கில் பயனீட்டாளர் பக்கம் நின்றது.

மலேசியாவில் 2016 முதல் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு உள்ளது. விமானம் ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கும் உரிமை 2024-இல் அதில் சேர்ந்தது. நிறுவனம் தாமதித்தால் பயணிக்கு உரிமை உண்டு. பயணிக்கே அவசரம் வந்தால்? மரணச் சான்றிதழைக் காட்டுபவரின் திரும்பும் இருக்கையைக் காக்க ஒரு விதி சேர்ப்பது பெரிய காரியமல்ல.

அதுவரை, முதல் விமானம் புறப்படுவதற்கு முன்பே நிறுவனத்தையோ டிக்கெட் எடுத்துத் தந்த ஏஜெண்டையோ அழைத்துவிடுங்கள். விமானம் போன பிறகு அழைத்தால் பெரும்பாலும் பயனில்லை. திரும்பும் இருக்கை இருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். கட்டண வித்தியாசம் கேட்கக்கூடும். அப்படியும் புது டிக்கெட்டைவிட அது குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றில் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை என்பதால், போகாவிட்டாலும் திரும்பும் பயணம் பெரும்பாலும் தப்பிவிடும். அங்கும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் வயதானவர்கள் ஊரில் இருந்தால், விலை சற்றுக் கூடினாலும் இரண்டு தனி டிக்கெட்டுகளாக எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். பறக்காத பகுதிக்குக் கட்டிய விமான நிலைய வரியையும் திரும்பக் கேளுங்கள், பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.